மேனேஜர் கை நனைத்தார்

ஆஸ்திரேலியாக்காரர்களிடம் ஒரு பலகாரம் இருக்கிறது. வெள்ளை ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே கலர் கலராகச் சர்க்கரைக் குருணையைத் தூவி, முக்கோணமாக வெட்டினால் முடிந்தது. அடுப்பு வேண்டாம், பாத்திரம் வேண்டாம், சமையல்காரனே வேண்டாம். பெயர் மட்டும் தேவதை ரொட்டி. பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்து அது இல்லாமல் நடக்காதாம். இதை முதலில் கேள்விப்பட்டபோது, வாழ்நாளெல்லாம் கரண்டி பிடித்தவன் என்ற முறையில் எனக்குக் கோபம்தான் வந்தது. நம் ஊரில் பிள்ளைக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள், வீட்டில் ஒன்றும் ஆக்கவில்லையா என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து விசாரிப்பாள்.

அந்த ரொட்டியை நம்பித்தான் நான் என் மகளின் கல்யாணத்துக்குப் போக லீவு வாங்கப் பார்த்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

எனக்குக் கத்தாரில் வேலை. ராஸ் லஃபானில், எரிவாயு ஆலைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கேம்ப்பில், எஞ்சினியர்கள் சாப்பிடும் சீனியர் மெஸ்ஸுக்கு நான்தான் தலைமைச் சமையல்காரன். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஒரே மகள். அவள் பிறந்த செய்தி எனக்குப் போனில் வந்தது. காதுகுத்தைப் போட்டோவில் பார்த்தேன். சடங்கை வீடியோவில் பார்த்தேன். அதிலும் பாதி நேரம் யாரோ ஒரு சொந்தக்காரரின் முதுகுதான் தெரிந்தது. அவள் பட்டம் வாங்கியபோது நெட் சரியில்லை, சத்தம் மட்டும்தான் வந்தது. இப்படியே இருந்தவனுக்கு, ஆவணியில் அவளுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று என்று சேதி வந்தது. வீட்டுக்காரி நிறையப் பேசவில்லை.

"கல்யாணத்தையும் போன்லதான் பாக்கப் போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க," என்றாள். "மேடையில ஒரு நாற்காலியப் போட்டு, போன அதுல உக்கார வச்சிடறேன்."

அவள் சொன்னால் செய்வாள். மாலை கூடப் போடுவாள்.

ஆனால் அந்த வருஷம் பார்த்து ஆலையில் ஷட்டவுன். ஆலையை நிறுத்தி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பழுது பார்க்கும் காலம் அது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து குவிவார்கள், மெஸ்ஸில் நிற்க இடமிருக்காது. யாருக்கும் லீவு கிடையாது. சாவு, அல்லது சாவைப் போல ஏதாவது என்றால் கேம்ப் மேனேஜர் மனது வைக்கலாம். அந்த மேனேஜர் அப்போதுதான் புதிதாக வந்திருந்தார். ஆஸ்திரேலியாக்காரர்.

நல்ல உயரம், வெயிலில் வெந்து சிவந்த முகம், எந்நேரமும் அரைக்கால் சட்டை. குணத்தில் குறை சொல்ல முடியாது. சாப்பாட்டில்தான் சனியன். மதியம் மெஸ்ஸுக்கு வருவார். வரிசையாக வைத்திருக்கும் பாத்திரங்களின் மூடியை ஒவ்வொன்றாகத் தூக்குவார், துக்க வீட்டில் முகம் பார்ப்பதைப் போல ஒரு கணம் நின்று பார்ப்பார், மூடிவிடுவார். கடைசியில் இரண்டு துண்டு ரொட்டியும் நாலு வெள்ளரிக்காயும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்காருவார். என் மட்டன் பிரியாணியைத் தாண்டிப் போய் வெள்ளரிக்காய் எடுத்த மனிதரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் அதிராம்பட்டினத்து பாய். துபாய் தேராவில் அத்தர்க் கடை வைத்திருந்த மாமனாரிடம் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, அத்தர் வாடையில் தலைவலி வந்து, மாமனாரோடும் ஒத்துவராமல், கத்தாருக்கு வந்தவர். என் ரூம்மேட்டும் அவர்தான். லீவு விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். நேராகப் போய், மகளுக்குக் கல்யாணம், லீவு வேண்டும் என்று கேட்கச் சொன்னார். இதற்கு என்ன யோசனை என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் கை நனைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் சாப்பிட உட்கார்ந்து கையை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இஷ்டமில்லாதவர்கள் தண்ணீரோடு எழுந்து வந்துவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டுப் பிறகு மாட்டேன் என்று சொன்னவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். என் மகள் சம்பந்தமும் அப்படித்தான் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் இலையில் உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரி எனக்கு மிஸ்டு கால் கொடுத்தாள், நான் இங்கே புரிந்துகொண்டேன். ஆக, வெள்ளரிக்காய் தின்கிற மனிதரிடம் எப்படிப் போய் லீவு கேட்பது? முதலில் அவர் என் கையால் வயிறாரச் சாப்பிட வேண்டும். அதற்கப்புறம் கேட்டால் மறுக்க முடியாது. இதுதான் என் கணக்கு.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளைக்காரனுக்கு உங்கள் ஊர்ச் சம்பிரதாயம் எப்படித் தெரியும் என்றார். சோற்றுக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான் என்று நான் அடித்துச் சொன்னேன்.

போனில் தேட ஆரம்பித்தேன். ஆஸ்திரேலியாக்காரர்கள் வீட்டில் என்னதான் தின்கிறார்கள் என்று பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. மாவுக்குள் இறைச்சியை அடைத்து, 'பை' என்று ஒரு வட்டப் பலகாரம் செய்கிறார்கள். மொறுமொறுவென்று நன்றாகத்தான் செய்கிறார்கள். செய்த பிறகு அதைப் பச்சைப் பட்டாணி சூப்பில் கவிழ்த்து மூழ்கடிக்கிறார்கள். நல்ல முட்டை பப்ஸை யாராவது பட்டாணிக் குருமாவுக்குள் தள்ளிவிட்டால் நாம் மாற்றிக் கேட்போம். அவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பர்கருக்குள் பீட்ரூட்டை வைக்கிறார்கள். டப்பாவில் வரும் நூடுல்ஸை ரொட்டி மேல் கொட்டி, ரொட்டியோடு மாவைச் சாப்பிடுகிறார்கள். தேர்தலன்று ஓட்டுச்சாவடி வாசலிலேயே ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்பார்களாம், ஓட்டுப் போட வந்தவர்கள் காசு கொடுத்து வாங்கித் தின்பார்களாம். இந்த இடத்தில் மட்டும் எனக்குப் பெருமையாக இருந்தது. நம் ஊரில் பிரியாணிப் பொட்டலம் வீடு தேடி வரும், காசும் அவர்களே தருவார்கள்.

முதலில் அந்தக் கறுப்புப் பசையில் ஆரம்பித்தேன். ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற ஒரு பசை. அது இல்லாமல் ஒரு ஆஸ்திரேலியாக்காரனுக்குப் பொழுது விடியாதாம். பாய் தோஹாவில் அலைந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தார். வழியில் யாரோ, அது பீர் காய்ச்சிய பிறகு மிஞ்சும் ஈஸ்ட்டில் செய்வது என்று சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, பாட்டிலை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார். லேபிளில் ஹலால் முத்திரை இருந்தது. அதை ஒரு தடவை படித்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார், பிறகும் மூடியை என்னைத்தான் திறக்கச் சொன்னார்.

பார்க்கப் புளிக்காய்ச்சல் மாதிரி இருந்தது. அதனால் புளிக்காய்ச்சலைத் தடவுகிற மாதிரியே தடவினேன். ரொட்டி தெரியாத அளவுக்கு, ஓரம் வரைக்கும், தாராளமாக. கஞ்சத்தனம் பண்ணினான் என்று பெயர் வரக் கூடாதல்லவா. மேனேஜர் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் கொண்டுபோய் வைத்ததும் முகம் மாறியது. கத்தியை எடுத்து வழித்தார், வழித்தார், வழித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ரொட்டியில் ஒரு கறை மட்டும்தான் மிஞ்சியது. அதைத் தின்றார். தட்டோரத்தில் குவிந்திருந்த பசையைக் கிச்சனில் நான் ஒரு விரல் நக்கிப் பார்த்தேன். கருகிய சோயா சாஸில் கல்லுப்பைக் கரைத்துக் குடித்தது போலிருந்தது, அன்று சாயங்காலம் வரைக்கும் தண்ணீர் குடித்தேன். இதை நாடு மொத்தமும் காலையில் ஆசையாகத் தின்கிறது என்றால், அந்த ஊரில் கோர்ட்டு, போலீஸ் எல்லாம் எப்படி ஒழுங்காக நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்தது தேவதை ரொட்டி. சமையலே இல்லாத பலகாரம், இதில் என்ன தப்பு வரும் என்று நினைத்தேன். கலர் சர்க்கரைக் குருணை வாங்கி வரச் சொல்லி பாயிடம் போட்டோவைக் காட்டினேன். பாய் போட்டோவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது நம்ம சாமான்தானே மாஸ்டர்," என்றார். ஒரு பாக்கெட் கொண்டுவந்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை என்று அழகாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், வெண்ணெய் தடவிய ரொட்டியில் அள்ளித் தூவி, முக்கோணமாக வெட்டி, நடுவில் ஒரு செர்ரியும் வைத்து மேனேஜர் மேஜைக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் பாக்கெட்டில் மிஞ்சியதை வாயில் போட்டேன்.

சோம்பு மிட்டாய். ஹோட்டலில் பில் கட்டும் இடத்தில் கிண்ணத்தில் வைத்திருப்பார்களே, அது.

கதவிடுக்கில் நின்று பார்த்தேன். மேனேஜர் ஒரு முக்கோணத்தை எடுத்துக் கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார். கண்ணை மேலே உயர்த்தி எதையோ யோசித்தார். மறுபடி மென்றார். பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவினார். பிறகு இன்னொரு முக்கோணம், அப்புறம் இன்னொன்று. தட்டு காலியானதும் என்னைக் கூப்பிடச் சொன்னார். சின்ன வயதில் எவ்வளவோ பிறந்தநாளுக்கு இதைத் தின்றிருக்கிறாராம். தின்று முடித்ததும் இப்படி வாய் மணத்து, வயிறு லேசானது இதுதான் முதல் தடவையாம். என்ன ரகசியம் என்று கேட்டார். "இந்தியன் டெக்னிக் சார்," என்றேன். பாய் சிரிப்பு தாங்காமல் ஸ்டோருக்குள் போய்விட்டார்.

அன்றே கேட்டிருக்க வேண்டும். கை நனைத்தாயிற்று, கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் எனக்குப் பேராசை. ஒரு ரொட்டித் துண்டுக்கு லீவு கேட்பதா, விருந்தாகவே போட்டு அப்புறம் கேட்போம் என்று தோன்றியது.

அடுத்த வாரம் லாமிங்டன். கேக்கைச் சதுரமாக வெட்டி, சாக்லேட் பாகில் முக்கியெடுத்து, தேங்காய்ப்பூவில் புரட்டுவது. தேங்காய் என்றதும் எனக்கு உயிர் வந்தது. இதில் எனக்கு எவன் சொல்லித்தர முடியும்? அவர்கள் காய்ந்த துருவலைப் போடச் சொல்லியிருந்தார்கள். நான் நல்ல முற்றின தேங்காயை உடைத்து, லேசாக நெய்யில் வறுத்து, ஒரு சிட்டிகை ஏலக்காயும் சேர்த்துப் புரட்டினேன். மேனேஜர் ஒன்றைத் தின்று முடிக்குமுன் இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் செய்வாராம். பேச ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. அம்மா, தங்கை, வீட்டு நாய், வீட்டுக்குப் பின்னால் இருந்த எலுமிச்சை மரம் என்று எல்லாம் வந்தது. எனக்குப் பாதிதான் புரிந்தது, முழுவதுக்கும் தலையாட்டினேன்.

மறுநாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் கொடுத்தார். அவர் தங்கை ஊரிலிருந்து அனுப்பிய மிட்டாயாம். பார்க்கப் பல்பக் குச்சி மாதிரி இருந்தது, நிறம் ரோஸ். வாயில் வைத்ததும் ஆடிப்போனேன். அது மிட்டாயே இல்லை, செண்டு. கஸ்தூரி வாசனை போட்டு, சர்க்கரை சேர்த்து, குச்சியாக இழுத்து, குழந்தைகளுக்குத் தின்னக் கொடுக்கிறார்கள். பாய்க்கு ஒன்று கொடுத்தேன். அவர் கடித்துவிட்டு, மிச்சத்தை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார். "மாஸ்டர், என் மாமனாரத் தின்ன மாதிரி இருக்கு," என்றார்.

இப்படியே வாரங்கள் ஓடின. ஒரு வெள்ளிக்கிழமை முட்டை வெள்ளையை நுரைத்துச் செய்யும் பாவ்லோவா வைத்தேன். வளைகுடாவின் புழுக்கத்தில் அது மேஜைக்குப் போவதற்குள் வியர்த்து ஒழுகிவிட்டது, ஸ்பூனால் வழித்துத் தின்றார். இன்னொரு வெள்ளிக்கிழமை இறைச்சிப் பையைப் பட்டாணி சூப்பில் கவிழ்த்தேன். கவிழ்க்கும்போது ஒரு பாவம் செய்கிற உணர்வு எனக்கு இருந்தது, அவருக்கு இல்லை. சாப்பாட்டு மேஜையில் அவர் இப்போது சிரித்தார், ஜோக் அடித்தார், வெள்ளரிக்காயின் பக்கமே போகவில்லை. வீட்டுக்காரி தினமும் கேட்டாள், லீவு கேட்டாச்சா என்று. சாப்பிட வச்சுக்கிட்டிருக்கேன் என்று சொன்னேன். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது, இன்னும் சாப்பிட வைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்களா என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

ஒரு நாள் காலையில் நல்ல நேரம் பார்த்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, லாமிங்டன் தட்டோடு மேனேஜர் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்போதுதான் என்னைப் பற்றித் தலைமை ஆபீஸுக்கு எழுதியிருக்கிறாராம். ஷட்டவுன் முடியும் வரைக்கும் இந்த ஆளை எங்கேயும் அனுப்பக் கூடாது, இவன் இல்லாமல் இந்தக் கேம்ப் நடக்காது என்று எழுதியிருக்கிறாராம். என் பெயரை முக்கியமானவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டாராம். சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தேங்க் யூ சார்," என்றேன். வேறென்ன சொல்ல? வாயில் அதுதான் வந்தது.

ஸ்டோருக்கு வந்து அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. சரியாகச் சமைக்கத் தெரியாத மற்றவர்கள் என் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் எவனுடைய பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. பாய் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். டீயோடு ஒரு பேச்சும் கொடுத்தார்.

"நல்லா ஆக்கிப் போட்டுத்தானே மாட்டிக்கிட்டீங்க? இனிமே கெடுத்துப் போடுங்க."

அதுவும் சரியாகத்தான் பட்டது. அந்த வெள்ளிக்கிழமை கேக்கை வேண்டுமென்றே கூடுதல் நேரம் அடுப்பில் விட்டேன். ஓரமெல்லாம் கருகியது, நடுவில் செங்கல். சாக்லேட் பாகில் தண்ணீரைக் கலந்தேன். நெய்யும் ஏலக்காயும் கிடையாது; பாக்கெட்டில் வரும் காய்ந்த தேங்காய்த் துருவலை, மரத்தூள் மாதிரி இருப்பதை, அப்படியே கொட்டிப் புரட்டினேன். என் கைகள் கூசின. சொந்தக் கையால் ஒரு பலகாரத்தைக் கொலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று சமையல்காரனுக்குத்தான் தெரியும்.

மேனேஜர் கடித்தார். கருகிய ஓரம் உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. மென்றுகொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜையில் இருந்த எஞ்சினியர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். போனவாரம் வரை சாப்பிட்டதெல்லாம் நன்றாக இருந்ததாம், ஆனால் அது ஹோட்டல் ருசியாம். அம்மா செய்தது இப்படித்தான் இருக்குமாம். ஓரம் இப்படித்தான் கருகுமாம், தேங்காய் இப்படித்தான் தொண்டையில் ஒட்டுமாம். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். பாய் ஸ்டோர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, ஒருவர் அவர் முதுகைத் தட்டவேண்டியதாயிற்று.

அதோடு என் பொறுமை போய்விட்டது. நன்றாகச் செய்தாலும் விடமாட்டான், கெடுத்துச் செய்தாலும் விடமாட்டான் என்றால் மனுஷன் என்னதான் செய்வான்? மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல், அவர் அறைக்கு நடந்தேன். கையில் தட்டு இல்லை. பலகாரம் இல்லாமல் அந்த அறைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. அவர் மேஜையில் ஒரு லாமிங்டனைத் துண்டுத்தாளில் சுற்றி வைத்திருந்தார், சாயங்காலத்துக்காக.

"சார், மை டாட்டர் மேரேஜ்," என்றேன். "யூ சைன், ஐ கோ. யூ நோ சைன், ஐ கோ. கேக் கலாஸ்." கலாஸ் என்றால் அரபியில் தீர்ந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எப்போது கல்யாணம் என்று கேட்டார். தேதியைச் சொன்னேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டார். நீங்கள் வந்த நாளிலிருந்தே தெரியும் என்றேன். அப்படியானால் இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்றார். கை நனைப்பதை எந்த இங்கிலீஷில் விளக்குவது? ஹிந்தியில் யோசித்தேன், அரபியில் யோசித்தேன். கடைசியில் வந்தது இதுதான்:

"இன் மை வில்லேஜ், யூ ஈட், மீன்ஸ் யூ யெஸ். யூ ஈட் டூ மச், சார்."

அவர் துண்டுத்தாளில் இருந்த லாமிங்டனைப் பார்த்தார். அதை மெல்ல அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

பிறகு, என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் மகளின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். அப்போது வேறொரு நாட்டில், இதே மாதிரி ஒரு கேம்ப்பில், இதே மாதிரி ஒரு ஷட்டவுனில் இருந்தாராம். லேப்டாப்பில் பார்த்தாராம். கல்யாண உறுதிமொழியைச் சொல்ல மகள் வாயைத் திறந்த இடத்தில் படம் அப்படியே உறைந்துவிட்டதாம். திறந்த வாயோடு அவள் திரையில் நின்றுகொண்டே இருந்தாளாம், இவர் இங்கே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். படம் மறுபடி ஓடத் தொடங்கியபோது எல்லோரும் கேக் தின்றுகொண்டிருந்தார்களாம். இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த மனிதர் மீது இருந்த கோபமெல்லாம் அந்த நாற்காலியிலேயே போய்விட்டது.

பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்க ஆபீஸுக்குப் போன் போட்டார். யார் யாரிடமோ கத்தினார். லீவு பாரத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார், நான் பிடித்த பிறகும் அவர் உடனே விடவில்லை. எனக்காக ஒன்று செய்வாயா என்று கேட்டார். முக்கியமான அந்த நிமிஷத்தைத் தனக்குப் போனில் காட்ட முடியுமா என்றார். ஒரு கல்யாணத்தையாவது உறையாமல் பார்க்க வேண்டுமாம்.

"கட்டாயம் சார்," என்றேன். அந்த நேரத்தில் அவர் என் மகளையே கேட்டிருந்தாலும் யோசிப்பதாகச் சொல்லியிருப்பேன்.

ஊருக்குப் போகிற அன்று கல்யாணப் பரிசு என்று ஒரு பெட்டி கொடுத்தார். உள்ளே கறுப்புப் பசை ஒரு பெரிய பாட்டிலும், செண்டுக் குச்சிகள் ஒரு டப்பாவும். கல்யாண வீட்டில் அந்தப் பாட்டில் சம்பந்தியின் கண்ணில் பட்டது. வெளிநாட்டு லேகியமா என்று கேட்டார். நான் விளக்குவதற்குள் ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து வாயில் போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா, துப்ப முடியாது. கண்ணில் தண்ணீர் நிற்க, விழுங்கினார். உடம்புக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்றார். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

முகூர்த்தம் காலையில். கத்தாரில் அப்போதுதான் விடிந்துகொண்டிருந்திருக்கும். சொன்னபடி மேனேஜரைக் கூப்பிட்டேன். குளித்துத் தலைவாரி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பாய். அவர்களுக்கு முன்னால் ஒரு தட்டில் தேவதை ரொட்டி. சோம்பு மிட்டாய் போட்டதுதான், போனிலேயே தெரிந்தது. நான் மேடையில் மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனை உயர்த்திப் பிடித்தேன். படம் நின்றுவிடக் கூடாதே என்பதுதான் என் ஒரே கவலை. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் முழங்கை மறைத்தது, கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தேன். மகளின் முகம் சரியாக நடுவில் வந்தது. கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை விழுந்தது. படம் ஓரிடத்தில்கூட உறையவில்லை. தெளிவாகத் தெரிகிறதா சார் என்று கேட்டேன், தெரிகிறது, தெரிகிறது என்றார் அவர்.

வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்தாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

"ஏங்க, இங்க வந்துமா?"

நிமிர்ந்து பார்த்தேன். மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டிருந்தார். போனை அப்படியே சட்டைப்பைக்குள் போட்டேன். நாத்தனார் குனிந்து இரண்டாவது முடிச்சைப் போட்டாள், அப்புறம் மூன்றாவதைப் போட்டாள். மகள் தலையைத் தூக்கி என்னைத் தேடினாள், நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பைக்குள்ளிருந்து மேனேஜர் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த இரண்டு முடிச்சையும் என் கண்ணால் பார்த்தேன். முதல் முடிச்சை மட்டும் நானும் மேனேஜரும் போனில்தான் பார்த்தோம்.